கிலோவுக்கு ஒரு கிராம்

மீன் தீவனம் விற்கிற கடைகளில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கும். 'வளர்ச்சிக்கும் எதிர்ப்பு சக்திக்கும்' என்று மேலே அச்சடித்திருப்பார்கள். உள்ளே வெளிர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒரு பொடி. ஒரு கிலோ தீவனத்துக்கு ஒரு கிராம் கலக்கச் சொல்வார்கள். சில பொடிகளுக்கு ஐந்து கிராம். பாலாற்றுப் பள்ளத்தாக்கில் மாதனூர் பக்கம் பண்ணைக்குட்டை வெட்டி ரோகு, கட்லா விட்ட விவசாயி இதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இத்தனூண்டு பொடிக்கா மீன் பெருக்கும்?" என்று கேட்டால் அது மிகச் சரியான கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல மிதவைத் தீவனம் போட்டால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ மீன் கிடைக்கும். அப்படியானால் அந்த ஒரு கிலோ மீனின் வயிற்றுக்குள் மொத்தமாகவே ஒன்றரைக் கிராம் பொடிதான் போயிருக்கிறது. அது முழுக்கச் சதையாக மாறினாலும் தராசில் தெரியாது. ஆனாலும் முறையாக நடந்த பல சோதனைகளில் பொடி தின்ற மீன் கூடுதலாக வளர்ந்திருக்கிறது. அந்தக் கூடுதல் எடை எங்கிருந்து வந்தது?

இதே கேள்வி முதலில் கோழிக்குஞ்சுகளிடம்தான் எழுந்தது. 1948-ல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டட் இருவரும் கோழித் தீவனத்துக்கு மலிவான பி12 வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சும் நுண்ணுயிர்ச் சக்கையில் அந்த வைட்டமின் இருந்தது. சக்கையைத் தின்ற குஞ்சுகள், பி12 அளவை வைத்துக் கணக்கிட்டதைவிட அதிகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சம் ஆன்டிபயாட்டிக்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

ஆன்டிபயாட்டிக் சத்துப்பொருள் இல்லையே, அது எப்படி வளர்க்கும்? இதற்கு விடை தேடிய சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1963-ல் பிரிட்டனில் மேரி கோட்ஸ் குழுவினர் செய்தது. எந்தக் கிருமியும் அண்டாத கூண்டில் முட்டையிலிருந்தே குஞ்சுகளை வளர்த்தார்கள். அவற்றின் குடலில் ஒரு நுண்ணுயிர்கூடக் கிடையாது. அந்தக் குஞ்சுகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தபோது கூடுதல் வளர்ச்சி எதுவுமில்லை. ஆக, மருந்து குஞ்சின் சதையில் வேலை செய்யவில்லை. குடலில் வாழும் நுண்ணுயிர்களால் குஞ்சுக்கு ஏற்பட்டுவந்த இழப்பைத்தான் குறைத்திருக்கிறது. உண்ணும் உணவில் ஒரு பங்கு கிருமிகளோடு மல்லுக்கட்டுவதிலேயே தீர்ந்துபோகிறது. அந்தச் செலவு குறைந்தால் மிச்சம் சதையாகிறது. மீன் தீவனச் சேர்மானங்கள் சிலவற்றின் ரகசியமும் இப்படி இழப்பைக் குறைப்பதுதான்.

அதன் பிறகு உலகமெங்கும் கோழி, பன்றி, மீன், இறால் தீவனங்களில் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டினார்கள். மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகின. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்குப் போன ஆசிய இறாலில் குளோரம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் எச்சங்கள் பிடிபட்டன. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் அடியோடு நிறுத்தியது. மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-ல் தடை விதித்தது. அந்தக் காலியிடத்தை நிரப்ப வந்தவைதான் இன்றைய பாக்கெட்டுகள்.

எல்லாப் பொடியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில பொடிகள் தீவனத்தில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போலவே ரோகுவும் கட்லாவும் அதைத் தம் உடலில் தயாரித்துக்கொள்ள முடியாதவை. அது குறைந்தால் குஞ்சு மீனின் முதுகெலும்பு வளையும், புண் ஆறாது. சாதாரண வைட்டமின் சி, தீவனத்தைச் சூட்டில் அழுத்திக் குருணையாக்கும்போதே பாதிக்கு மேல் வீணாகிவிடும். அதனால்தான் சூடு தாங்கும்படி பாஸ்பேட்டோடு பிணைத்த வடிவத்தில் அதைச் சேர்க்கிறார்கள்.

வேறு சில பொடிகள் தீவனத்தில் ஏற்கெனவே இருந்தும் மீனுக்கு எட்டாததை எட்டவைக்கின்றன. தவிட்டிலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற கட்டுக்குள் சிக்கிக் கிடக்கிறது. அதை அவிழ்க்கும் நொதி மீனிடம் போதுமான அளவு இல்லை. அவிழாத பாஸ்பரஸ் கழிவோடு வெளியேறிக் குட்டை நீரைப் பச்சையாக்கும். ஃபைட்டேஸ் என்ற நொதியைத் தீவனத்தில் கலந்தால் கட்டு அவிழும். ஆனால் இந்த நொதிக்குப் புளிப்பு வேண்டும். ரோகுவுக்கோ அமிலம் சுரக்கும் இரைப்பையே கிடையாது. வாயிலிருந்து நேராகக் குடல்தான். மும்பையிலுள்ள மத்திய மீன்வளக் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஃபைட்டேஸோடு சிட்ரிக் அமிலத்தையும், அதாவது எலுமிச்சைப் புளிப்பையும், சேர்த்து ரோகுக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது தாதுக்கள் நன்றாக உடலில் சேர்ந்தன. எந்த மீனுக்கு என்று கேட்காமல் பொடி வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வகைதான் எதிர்ப்பாற்றல் பொடிகள். அவற்றைப் புரிந்துகொள்ள மீனின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நமக்கு இருப்பதுபோல மீனுக்கும் இரண்டு அடுக்கு எதிர்ப்பாற்றல் உண்டு. பிறவியிலேயே உள்ளது ஒன்று: தோலின் வழவழப்பு, இரத்தத்தில் கிருமியின் சுவரை அரிக்கும் புரதங்கள், கிருமியைக் கண்டதும் விழுங்கும் விழுங்கணுக்கள். வாழ்நாளில் பெறுவது இன்னொன்று: குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு அதற்கென்றே தயாராகும் எதிர்பொருள். மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் இரத்த அணு உற்பத்தியாவதில்லை; தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதிதான் அந்த வேலையைச் செய்கிறது. நிணநீர்க் கணுக்களும் இல்லை. எதிர்பொருள் உருவாக வாரக்கணக்கில் ஆகும். அதன் உடற்சூடு தண்ணீரின் சூடுதான் என்பதால், தண்ணீர் குளிர்ந்தால் அதுவும் தாமதமாகும். ஜவ்வாது, ஏலகிரி மலைகளை ஒட்டிய இந்தப் பள்ளத்தாக்கில் மார்கழி இரவுகள் நன்றாகவே குளிரும். உடம்பெல்லாம் குழிப்புண் விழுகிற புண் நோயும் பெரும்பாலும் மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் அந்த மாதங்களில்தான் வருகிறது. அந்தச் சமயத்தில் மீன் நம்பியிருப்பது பிறவி எதிர்ப்பாற்றலைத்தான்.

விழுங்கணுக்கள் இருப்பதை உலகுக்குக் காட்டியவர் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ். 1882-ல் இத்தாலியின் மெசீனா நகரில், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திரமீன் இளவுயிரியின் உடலில் ஒரு ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் அணுக்கள் மொய்த்துக் கிடந்தன. முள் உயிருள்ள கிருமி இல்லையே! அன்னியப் பொருள் ஒன்று வந்திருக்கிறது என்பதே அந்த அணுக்களைக் கூட்டிவரப் போதுமானதாக இருந்தது.

பாக்கெட்டுக்குள் இருக்கும் பீட்டா குளூகானும் இப்படித்தான் வேலை செய்கிறது. அது ஈஸ்ட்டின் சுவரிலிருந்து எடுக்கும் ஒரு மாவுப்பொருள். ரொட்டியை உப்பவைக்கும் அதே ஈஸ்ட். பூஞ்சைகளின் சுவரில் இந்தப் பொருள் உண்டு, மீனின் உடலில் கிடையாது. ஆகவே இதைத் தொட்டுணர்ந்தால் பூஞ்சை வந்துவிட்டது என்று விழுங்கணுவுக்குப் பொருள். திருடனின் சட்டை மட்டும் வேலியில் தொங்குவதைப் பார்த்த ஊர்க்காவலர் அன்று இரவெல்லாம் கண்ணசராமல் சுற்றிவருவார் அல்லவா, அதுபோலத்தான் இது. திருடன் வரவில்லை, எதுவும் களவுபோகவில்லை, ஆனால் காவல் விழித்துக்கொண்டது. பாலூட்டிகளின் விழுங்கணுக்களில் இந்தச் சுவரை உணர்வது டெக்டின்-1 என்ற உணரிதான் என்பதை 2001-ல் ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறிந்தார்கள். ஒரு கிராம் எப்படிப் போதும் என்ற கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது. பொடி உணவாக வேலை செய்யவில்லை, செய்தியாக வேலை செய்கிறது. செய்திக்கு எடை தேவையில்லை.

மீனில் இதைத் தெளிவாகக் காட்டிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று நார்வேக்காரர்களுடையது. சால்மன் வளர்ப்பில் நோயும் ஆன்டிபயாட்டிக்கும் தலைக்கு மேல் போயிருந்த நேரம் அது. ஈஸ்ட் சுவர்க் குளூகானைச் சால்மனுக்கு ஊசி வழியே ஏற்றி, பிறகு வேண்டுமென்றே நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்து, எதிர்த்து நிற்கும் திறன் கூடியதை 1990-ல் வெளியிட்டார்கள். அங்கே ஆன்டிபயாட்டிக் பயன்பாடு சரிந்ததற்கு முதற்காரணம் குளூகான் இல்லை, தடுப்பூசிதான். இதைச் சொல்லாமல் விட்டால் பொடிக்குத் தகுதிக்கு மீறிய பெருமை சேர்ந்துவிடும்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரி விலங்கியல் துறையில் தினகரன் மைக்கேலும் அவருடைய மாணவர்களும் நம் வேலியோரப் பச்சிலைகளை ஜிலேபிக் கெண்டையிடம் சோதித்தார்கள். துளசி, சீந்தில், தூதுவளை, கரிசலாங்கண்ணி என்று வரிசையாக ஆய்வுகள் வந்தன. சிலவற்றை ஊசி மூலம் ஏற்றினார்கள். 2007-ல் வெளியான ஆய்வில் கரிசலாங்கண்ணி இலைச் சாற்றைத் தீவனத்திலேயே கலந்து, ஒன்று முதல் மூன்று வாரம் வரை கொடுத்தார்கள். பிறகு ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவை மீனுக்குள் செலுத்தினார்கள். குட்டை மீன்களைக் கூட்டமாகக் கொல்லும் கிருமி அது. சாறு தின்ற மீன்களில் சாவு குறைந்தது.

எதிர்ப்பாற்றல் கூடியதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. பிறகு எப்படி அளந்தார்கள்? மீனின் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றோடு மஞ்சள் நிறச் சாயம் ஒன்றைக் கலப்பார்கள். விழுங்கணு கிளர்ந்தெழும்போது கிருமியைக் கொல்லும் வீரியமான ஆக்சிஜன் வடிவங்களை வெளிவிடும். அவை பட்டதும் மஞ்சள் சாயம் கருநீலமாகத் திரளும். அணு எவ்வளவு சுறுசுறுப்போ அவ்வளவு நீலம். இன்னொரு சோதனை லைசோசைம் என்ற நொதிக்கு. நம் கண்ணீரிலும் கோழிமுட்டையின் வெள்ளையிலும் இருப்பது இதுவே. பாக்டீரியாவின் சுவரை அரித்து உடைக்கும். பாக்டீரியா கலந்து கலங்கிய நீரில் மீனின் இரத்தத் தெளிநீரைச் சில சொட்டு விட்டால், லைசோசைம் இருக்கிற அளவுக்குக் கலங்கல் தெளியும். ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்று கருவியில் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வார்கள்.

அதே மதுரைக் குழு, அதே ஜிலேபிக் கெண்டை, கிட்டத்தட்ட அதே சோதனைகள். ஆனால் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள். இலைச்சாறு எதிர்ப்பாற்றலைக் கூட்டுகிறது. தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீர் அதை என்ன செய்கிறது? மாதனூர்க்காரருக்கு இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். மீன் சாகாத அளவுக்குக் கழிவுநீரை நன்றாக நீர்க்கச்செய்து, அதில் மீனை நாள்கணக்கில் விட்டு வைத்தார்கள். நூறு பங்குத் தண்ணீரில் ஒரு பங்குக்கும் குறைவான கழிவுநீரிலேயே எதிர்பொருள் உற்பத்தி குன்றியது, லைசோசைம் குறைந்தது, அணுக்களின் வீரியமும் தணிந்தது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தின் நச்சு வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த 2006-ம் ஆண்டு ஆய்விலும் எதிர்ப்பாற்றல் சரிந்தது. மீன் பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும், நீந்தும், தின்னும். கிருமி வந்த அன்றுதான் தெரியும்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஆலைகளால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்பதை இந்தப் பகுதி மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது; 2025 ஜனவரியில் மீண்டும் ஒருமுறை பாலாற்று மாசு குறித்துத் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. ஆற்றோரக் கிணறுகளில் தண்ணீர் உப்பேறிப் போனது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பிக் குட்டை நிரப்புகிறவர் பாக்கெட் வாங்குவதற்கு முன்னால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுப்பது நல்லது. கரைந்த உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று இரண்டையும் கேட்க வேண்டும். தண்ணீர் ஒரு பக்கம் எதிர்ப்பாற்றலை இறக்கிக்கொண்டிருக்கும்போது தீவனத்தில் எதைக் கலந்து ஏற்றினாலும் பணம்தான் கரையும்.

குரோமியத்துக்கே இன்னொரு முகமும் இருக்கிறது. அதைத் தீவனச் சேர்மானமாகவும் விற்கிறார்கள்! 1959-ல் ஷ்வார்ஸ், மெர்ட்ஸ் என்ற இருவர் எலிகளின் உடல் இரத்தச் சர்க்கரையைக் கையாள மூன்று இணைதிறன் குரோமியம் உதவுவதாகச் சொன்னதிலிருந்து அந்தக் கதை தொடங்கியது. ரோகுக் குஞ்சுகளுக்குக் கிலோ தீவனத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாகக் கொடுத்துப் பலன் கண்டதாக நம் நாட்டு ஆய்வும் உண்டு. ஆனால் 2014-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், மனிதருக்குக் குரோமியம் இன்றியமையாத சத்து என்பதற்குப் போதிய சான்றில்லை என்று முடிவுசெய்தது. தோலில் ஏற்றுவதும் மூன்று இணைதிறன் குரோமியம்தான். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத் தோல் பிடித்துக்கொள்ள, மீதி கழிவுநீரில் போகிறது. ஆறு இணைதிறன் குரோமியமோ அணுவுக்குள் எளிதாகப் புகுந்துவிடும் நஞ்சு. ஒரே தனிமம்தான். ஒரு வடிவத்தில், மில்லிகிராமில், அது விவாதத்துக்குரிய சேர்மானம். இன்னொரு வடிவத்தில் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் மாசு.

இந்த வட்டாரத்தில் ஒரு யோசனை அவ்வப்போது எழும்: தோல் ஆலையில் சதைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறதே, அதையே மீனுக்குப் போடலாமே? இங்கே இரண்டு கழிவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதனிடுவதற்கு முன்பே பச்சைத் தோலிலிருந்து சுரண்டி எடுக்கும் சவ்வில் குரோமியம் இல்லை. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் மைசூரு உணவு ஆராய்ச்சி நிறுவனமும் அதைத் தீவனமாக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கின்றன. மைசூரில் தயிரைப் புளிக்கவைக்கும் வகைப் பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்துப் பார்த்தார்கள். பதனிட்ட பிறகு சீவி எடுக்கும் தோல் சீவலில் குரோமியம் ஊறியிருக்கும். டாக்காவின் ஹஸாரிபாக் பகுதியில் இத்தகைய கழிவை வேகவைத்துக் காயவைத்துக் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாக்கினார்கள். 2011-ல் வங்கதேச உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. சுத்தமான பச்சைச் சவ்வாகவே இருந்தாலும் அதிலுள்ள புரதத்தில் பெரும்பங்கு கொலாஜன். மீனுக்குக் கட்டாயம் தேவையான டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் அறவே கிடையாது. அதை மட்டும் நம்பி மீன் வளர்க்க முடியாது.

மறுபடி பொடிக்கு வருவோம். காவல் விழித்திருப்பது நல்லதுதான். ஆனால் விழித்திருப்பதற்கும் ஆற்றல் செலவாகிறது. எதிர்ப்பாற்றலை மாதக்கணக்கில் தூண்டிக்கொண்டே இருந்தால் வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அங்கே போகும். அதிக அளவில், நீண்ட நாள் கொடுத்த சில ஆய்வுகளில் பலன் மங்கியது. எதிர்ப்பாற்றல் தாழ்ந்ததும் உண்டு. கரிசலாங்கண்ணியை ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம் என்று பிரித்துச் சோதித்ததற்குக் காரணமே எவ்வளவு நாள் போதும் என்று அறிவதுதான். ஆகவே குஞ்சு விடுவதற்கு முன்பும், குளிர் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஐப்பசி, கார்த்திகையிலும் சில வாரம் கொடுத்து நிறுத்துவது பொருத்தமாக இருக்கும். பொடியைக் குருணையின் மேல் அப்படியே தூவினால் தண்ணீரில் விழுந்ததும் கரைந்து போய்விடும். ஆறிய கஞ்சியிலோ கொஞ்சம் எண்ணெயிலோ பிசைந்து குருணையில் பூசி, நிழலில் உலர்த்திப் போட வேண்டும். உயிருள்ள நுண்ணுயிர் கலந்த பொடியைச் சூடான கஞ்சியில் போடக் கூடாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தொட்டியில், தெளிந்த நீரில் நடந்தவை. அங்கே மீனுக்கு நாம் போடுவது மட்டுமே உணவு. சாணம் போட்டு நீர் பச்சை கட்டிய குட்டையில் மீன் நாளெல்லாம் பாசியையும் நுண்ணுயிர்களையும் தின்கிறது. பூஞ்சைச் சுவரும் பாக்டீரியாச் சுவரும் இயல்பாகவே அதன் குடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். தொட்டியில் தெரிந்த வித்தியாசம் குட்டையில் அதே அளவு தெரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

நம் குட்டையில் என்ன நடக்கிறது என்பதை நாமே பார்த்துவிடலாம். குஞ்சு வளர்க்கப் பயன்படுத்தும் ஹாப்பா வலைத்தொட்டி ஆறு வாங்கி ஒரே குட்டையில் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையில், கிட்டத்தட்ட ஒரே எடையில் குஞ்சுகளை விடுங்கள். சீட்டுப் போட்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து அவற்றுக்குப் பொடி கலந்த தீவனம், மற்ற மூன்றுக்கும் அதே கஞ்சி பூசிய, பொடி இல்லாத தீவனம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை போட்டு எழுதுங்கள். இரண்டு வலை கட்டினால் போதாதா? போதாது. ஒரே தீவனம் தின்ற இரண்டு வலைகளுக்கு நடுவிலும் எடை கொஞ்சம் வேறுபடத்தான் செய்யும். பொடி தின்ற மூன்றும் தங்களுக்குள் வேறுபடுவதைவிட, பொடி தின்றவற்றுக்கும் தின்னாதவற்றுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் பொடியின் கணக்கில் எதையாவது எழுதலாம். கூடவே ஒவ்வொரு வலையிலும் செத்த மீன்களைத் தேதியோடு குறித்து வையுங்கள். எதிர்ப்பாற்றல் பொடி தராசில் எதுவும் காட்டாமல் இருந்து, புண் நோய் வந்த வாரத்தில் மட்டும் தன் வேலையைச் செய்திருக்கலாம்.